வண்டி என்னுது, பை அவுகளுது

அழகுமீனாவின் வேனில், டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடி எப்போதும் கூரையைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கும். புதிதாக ஏறுகிறவர்கள் அது உடைந்து தொங்குவதாக நினைப்பார்கள். உடையவில்லை, அவளே திருப்பி வைத்தது. காலை ஆறே முக்காலுக்கு ஆனைக்குட்டத்தில் ஏறுகிற பதினான்கு பெண்களில் பாதிப் பேருக்கு வீட்டில் தலை சீவக்கூட நேரம் இருக்காது. வேனுக்குள்தான் சேலையைச் சரிசெய்து பின் குத்துவார்கள், கைப்பிள்ளையை விட்டு வந்தவர்கள் மாராப்பை நனைத்த பாலைத் துடைப்பார்கள், சிலர் சத்தமில்லாமல் அழுவார்கள். பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கப் பக்கக் கண்ணாடிகள் ரெண்டு போதும் என்பாள் அழகுமீனா.

அந்தக் கண்ணாடியின் அருமை அவளுக்கு வேறு விதமாகவும் தெரியும். பதினோரு வருஷம் அவளும் பின்சீட்டில் உட்கார்ந்து பட்டாசுக் கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போனவள். அப்போதைய டிரைவர் ரோட்டைப் பார்த்ததைவிடக் கண்ணாடியைப் பார்த்ததுதான் அதிகம். அவர் லாரி ஓட்டப் போய்விட்டபோது, இனி ஆனைக்குட்டத்துக்கு வேன் கிடையாது, பஸ்ஸில் வந்துகொள்ளுங்கள் என்று கம்பெனி கைவிரித்தது. அந்த நேரத்துக்குப் பஸ்ஸே கிடையாது. பெண்கள் ஆளாளுக்குப் புலம்பிக்கொண்டிருக்கையில், “நான் ஓட்டுறேன்” என்றாள் அழகுமீனா. அன்று வரை அவள் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. சிவகாசியில் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி பழகினாள். ரிவர்ஸ் எடுப்பதில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை லைசென்ஸ் வாங்கினாள். நகையை அடகு வைத்துப் பழைய வேன் ஒன்றையும் வாங்கினாள். கணவர் சின்னச்சாமி தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டு, முதல் ஒரு வாரம் முன்சீட்டில் கம்பியைப் பிடித்தபடி கூடவே வந்தார். பிறகு நம்பிக்கை வந்து வீட்டிலேயே இருந்துவிட்டார். இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது.

போன வருஷம் ஆடி பிறந்து தீபாவளிச் சீசன் சூடு பிடித்தபோது ரோட்டில் போலீஸ் சோதனையும் கூடியது. எல்லாம் கருந்திரிக்காகத்தான். வெடிக்கு வைக்கிற அந்தக் கறுப்புத் திரியை லைசென்ஸ் இல்லாமல் வீடுகளில் திரித்துக் கொடுக்கிறவர்கள் உண்டு. அடுப்படிக்குப் பக்கத்திலேயே வெடிமருந்தை வைத்துக்கொண்டு திரிப்பார்கள். அதற்கு முந்தைய வருஷம் அழகுமீனாவின் தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் கூரையே பறந்து, தாயும் மகளும் கருகிப்போனார்கள். அதனால் சோதனை நடக்கத்தான் வேண்டும் என்பதில் அவளுக்கு மறுபேச்சு இல்லை.

ஆடிப்பெருக்கு கழிந்த திங்கட்கிழமை, ஊர்ப் பாதை மெயின் ரோட்டில் சேருகிற விலக்கில் ஏட்டு காளிராஜ் கை காட்டினார். ஐம்பதைத் தாண்டியவர், இரவு முழுக்க ரோந்து போன களைப்பு கண்ணில் தெரிந்தது.

“வண்டிய செக் பண்ணணும்மா.”

“தாராளமாப் பாருங்க ஏட்டையா” என்றாள் அழகுமீனா.

அந்த ஒரு வார்த்தையைத்தான் பிறகு பல நாள் அவள் தனக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டாள்.

ஏட்டு சீட்டுக்கு அடியில் பார்த்தார், ஸ்டெப்னி டயரைத் தட்டிப் பார்த்தார். அதோடு விடுவார் என்று நினைத்தாள். “எல்லாரும் பையோட இறங்குங்க” என்றார். பதினான்கு பேரும் இறங்கி ரோட்டோரம் வரிசையாக நின்றார்கள். கட்டைப்பைகளையும் வயர் கூடைகளையும் கூட வந்த கான்ஸ்டபிள் ஒவ்வொன்றாக வாங்கி, ஒரு சாக்கை விரித்து அதில் கொட்டினார். தூக்குவாளிகளின் மூடியைத் திறந்தார்கள். ஒருத்தியின் மாற்றுச்சேலைக்குள் சுருட்டி வைத்திருந்த மாதவிடாய்த் துணி சாக்கில் விழுந்தது. பைக்கில் போகிறவர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். டீக்கடையில் நின்ற ஆண்கள் கிளாஸைக் கையில் வைத்தபடி ரோட்டுக்கு வந்தார்கள்.

இன்பத்தின் பையிலிருந்து ஒரு மாத்திரை உறையும் ஆஸ்பத்திரிச் சீட்டும் விழுந்தன. ஏட்டு சீட்டை எடுத்து, கண்ணாடி போடாததால் கையை நீட்டி எட்டப் பிடித்து, சத்தமாகப் படித்தார்.

“மன...நலப் பிரிவு. யாரும்மா இது? மண்டை சரியில்லாத ஆளையா வெடிக் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போறீங்க?”

அவர் அதைக் கேலியாகத்தான் சொன்னார். டீக்கடைப் பக்கம் யாரோ சிரித்தார்கள். இன்பம் முன்னே வந்து சீட்டை வாங்கவில்லை. தன்னுடையது இல்லை என்பதுபோல் ஆனைக்குட்டம் அணை இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழகுமீனாதான் சீட்டையும் மாத்திரையையும் பொறுக்கிப் பையில் போட்டாள்.

இன்பத்துக்கு முப்பத்தோரு வயது. இரண்டு வருஷத்துக்கு முன் நான்கு வயது மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தாள். அதன் பிறகு பல மாதம் அவள் சாப்பிட்டதும் தூங்கியதும் கொஞ்சம்தான். அவளுடைய அம்மா பிடிவாதமாக விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, மாத்திரையில் மெல்ல மெல்லத் தேறி, மறுபடி வேலைக்கு வந்தாள். மாதம் ஒரு நாள் அவள் லீவு போட்டு விருதுநகர் பஸ்ஸுக்கு நிற்பதை அழகுமீனா கவனித்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டதில்லை.

கம்பெனி கேட்டுக்கு வேன் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே யாரோ போனில் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் போர்மேன் இன்பத்தைக் கூப்பிட்டு, “டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாம்மா, அதுவரைக்கும் வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். மறுநாள் வேனில் அவள் உட்காரும் ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை. மரியாதையா பயமா என்று அழகுமீனாவுக்கு விளங்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் இன்பத்தின் வீட்டுக்குப் போனாள். இன்பம் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“என் வாயாலதான் வந்துச்சு. நான்தான பாருங்கன்னு சொன்னேன்” என்றாள் அழகுமீனா.

“நீங்க என்ன செய்வீக அக்கா? போலீஸ் கேட்டா திறந்து காட்டத்தான வேணும்.”

“வேணுமா?”

கேட்டுவிட்டு அழகுமீனாவே திகைத்துப்போனாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியதே இல்லை. வேனின் ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். ஏறுகிறவர்களின் பையைப் பற்றி எந்தக் காகிதத்திலும் படித்ததாக நினைவில்லை.

அந்த வாரமே ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, இன்பத்தையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வளாகத்தில் இருக்கிற இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனாள். வேண்டாம் என்றுதான் சின்னச்சாமி சொன்னார். “தெனமும் அந்த விலக்கத் தாண்டித்தான போகணும்? போலீஸோட எதுக்கு வம்பு?” என்றார். “அதுக்குத்தான் போறேன். தெனமும் தாண்டணும்ல” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மையத்தில் இசைவாணி என்ற வக்கீல் இருந்தார். நடந்ததை முழுக்கக் கேட்டார். நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அழகுமீனா, நீங்க பாருங்கன்னு சொன்னது எதை?”

“வண்டியைத்தான்.”

“அவ்வளவுதான் உங்களால சொல்ல முடியும். வண்டி உங்களுது. அவங்க பையைத் திறக்கச் சொல்ற அதிகாரம் உங்களுக்கே கிடையாது. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லி வருஷக்கணக்காச்சு. வேன்ல ஏறினதும் அது கீழே இறங்கிப் போயிடாது.”

“அப்ப போலீஸ் பையைத் தொடவே கூடாதா?” என்று இன்பம் கேட்டாள்.

வக்கீல் தலையசைத்தார். “அப்படிச் சொல்ல மாட்டேன். வெடிமருந்து விஷயம். சரியான காரணம் இருந்தா வாரண்ட் இல்லாமலும் சோதிக்கலாம். ஆனா காரணம் இருக்கணும், அதை எழுதணும், சாட்சி இருக்கணும், சோதனையை வீடியோ எடுக்கணும், பொம்பளைங்களைச் சோதிக்கிறது பொம்பளை போலீஸா இருக்கணும். ஒருத்தங்க மருந்துச் சீட்டை நடுரோட்டுல படிச்சுக் காட்ட எந்தச் சட்டமும் சொல்லல. அதனால தடுக்காதீங்க, தள்ளாதீங்க, சத்தம் போடாதீங்க. கேளுங்க. எதுக்குன்னு கேளுங்க. பொம்பளை போலீஸை வரச் சொல்லுங்க. அவ்வளவுதான்.”

வக்கீலே மனு எழுதிக் கொடுத்தார். வேனில் வந்த எல்லாரிடமும் கையெழுத்துக் கேட்டாள் அழகுமீனா. ஒன்பது பேர் போட்டார்கள். நான்கு பேர் வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி, பிறகு பேச்சையே எடுக்கவில்லை. வள்ளித்தாய் மட்டும் முகத்துக்கு நேரே சொன்னாள்: “என்னைய இதுல இழுக்காத மீனா. யாரு கண்ணுலயும் படாம போய்ட்டு வந்தாப் போதும் எனக்கு.”

வள்ளித்தாய்க்கு ஐம்பத்து மூன்று வயது. வேனில் எல்லாரையும்விட வாய் பெரிது. அவள் இப்படிப் பேசியது அழகுமீனாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. மனுவை மாவட்டப் போலீஸ் அலுவலகத்தில் குறைதீர் நாளன்று கொடுத்து ரசீது வாங்கினார்கள். அதே வாரத்தில் விருதுநகர் டாக்டர், இன்பம் நன்றாக இருக்கிறாள், வேலைக்குத் தகுதியானவள் என்று கடிதம் கொடுத்தார். வேலையை நிறுத்திய பதினோராம் நாள் இன்பம் லேபிள் ஒட்டும் பிரிவில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தாள். ஜன்னலோர இடத்தில் அவள் வந்து உட்கார்ந்ததும் முதலில் யாரும் பேசவில்லை. பின்சீட்டிலிருந்து ஒருத்தி, “மல்லிப்பூ வச்சிருக்கேன், வேணுமா?” என்று நீட்டினாள். அவ்வளவுதான், பேச்சு தொடங்கிவிட்டது.

ஆவணி கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, அதே விலக்கில் அதே ஏட்டு கை காட்டினார். அழகுமீனா வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, இறங்கினாள். ஆர்.சி.யையும் லைசென்ஸையும் நீட்டினாள்.

“வேன்ல திரி போகுதுன்னு தகவல் வந்திருக்கு. எல்லாரையும் பையோட இறங்கச் சொல்லு” என்றார் காளிராஜ்.

 அழகுமீனா வேனின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

“வண்டி என்னுது ஏட்டையா. எம்புட்டு வேணும்னாலும் பாருங்க. பை அவுகளுது. அதத் திறக்கச் சொல்ல என்னால முடியாது. பாக்கணும்னா காரணத்த எழுதிட்டு, பொம்பளை போலீஸ வச்சுப் பாருங்க. நாங்க ஓடிற மாட்டோம்.”

“ஓகோ. நீதான் மனுக் குடுத்த ஆளா?”

“ஆமாய்யா.”

டீக்கடையிலிருந்து அன்றைக்கும் ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஏட்டு முகம் சிவந்து, போனை எடுத்து, மறுபடி சட்டைப்பையில் போட்டார். அவர் கத்துவார் என்று அழகுமீனா எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை.

“அப்ப வண்டிய ஸ்டேஷனுக்கு விடு. அங்கன வச்சுப் பாத்துக்கிடுவோம்.”

“சரிங்கய்யா. முன்னால போங்க, நான் பின்னாலயே வாரேன்.”

வேன் கிளம்பி நூறு அடி போயிருக்காது. வள்ளித்தாய் சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னே வந்தாள். கட்டைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். முகம் வேர்த்திருந்தது.

“மீனா, என்னைய இங்கனயே இறக்கி விட்ரு. வயித்த வலிக்கி. நான் வீட்டுக்குப் போறேன்.”

அழகுமீனா ரோட்டைப் பார்த்தாள். முன்னால் போலீஸ் பைக் போய்க்கொண்டிருந்தது. இப்போது வண்டியை நிறுத்தி ஒருத்தியை இறக்கிவிட்டால் அதுவே போதும், கையில் விலங்கு விழ. வள்ளித்தாய் ஏன் கையெழுத்துப் போடவில்லை, ஏன் யார் கண்ணிலும் படக் கூடாது என்றாள் என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. திரியா அது? பதினான்கு உயிர் போகிற வண்டிக்குள் மருந்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாளா? கோபம் வந்தது. கூடவே வேறொரு பயமும் வந்தது. தான் சட்டம் பேசப் போய், இவளை நேராக ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் இறக்கப் போகிறோமே.

“இறங்க முடியாது மதினி, பைக் முன்னாலயே போகுது. உக்காருங்க” என்று மட்டும் சொன்னாள்.

ஸ்டேஷனில் பெண் எஸ்.ஐ. ஹெப்சிபா இருந்தார். வேலைக்கு வந்து ரெண்டு வருஷம்கூட ஆகாதவர். ஏட்டு சொன்னதைக் கேட்டார், அழகுமீனா சொன்னதையும் கேட்டார்.

“என்ன வேன், என்ன நம்பர்னு தகவல்ல இருக்கா?” என்று காளிராஜைக் கேட்டார்.

“வேன்னு மட்டும்தான் மேடம்.”

அவர் மேசையிலிருந்த நோட்டை இழுத்து எழுதினார். பிறகு பெண்களைப் பார்த்துச் சொன்னார்: “திரி விஷயம்மா. நீங்க உக்காந்து வர்ற வண்டியிலேயே இருந்தா உங்களுக்குத்தான் ஆபத்து. அதனால பாக்காம விட முடியாது. ஆனா ரோட்டுல இல்ல. எதுக்குப் பாக்குறேன்னு இந்த நோட்டுல எழுதிட்டேன். அந்த ரூமுக்கு ஒவ்வொருத்தரா வாங்க. நானும் இன்னொரு பொம்பளை கான்ஸ்டபிளும் மட்டும்தான் இருப்போம். சாட்சிக்கு அங்கன்வாடி டீச்சர வரச் சொல்லியிருக்கேன். வீடியோ ஓடும், அது கேஸுக்குத்தான், யாரு போனுக்கும் போகாது. உங்க பையை நீங்களே திறந்து காட்டுங்க.”

ஒவ்வொருத்தியும் மூன்று நான்கு நிமிஷம். இன்பம் போனாள், வந்தாள். “மாத்திரைய எடுத்துக் காட்டினேன். உள்ள வையுங்கன்னுட்டாக” என்று அழகுமீனாவின் காதில் சொன்னாள். அவள் முகத்தில் அணைத் திசையைப் பார்த்து நின்ற அந்த இறுக்கம் இல்லை.

கடைசியாக வள்ளித்தாய் போனாள். கதவைச் சாத்தினார்கள். பத்து நிமிஷம் ஆயிற்று. அழகுமீனா ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் நின்று, வள்ளித்தாயின் மகனுக்கு என்ன சொல்வது, வக்கீலுக்கு எப்போது போன் பண்ணுவது என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. வள்ளித்தாய் பையை ஒரு கையில் சாதாரணமாகத் தொங்கவிட்டபடி நடந்து வந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் அழுதது போல இல்லை.

பின்னாலேயே வந்த ஹெப்சிபா நோட்டில் எழுதினார். ‘ஆட்சேபகரமான பொருள் எதுவும் இல்லை’ என்று எழுதி, அழகுமீனாவிடம் ஒரு நகல் கொடுத்தார். “போங்கம்மா, நேரமாச்சு. கம்பெனியில கேட்டா இந்தக் காகிதத்தைக் காட்டுங்க” என்றார்.

அழகுமீனா வேனில் ஏறி உட்கார்ந்தாள். சாவியைப் போடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.  “கொஞ்சம் பொறுங்க” என்றாள். பின்னாலிருந்து யாரோ ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்கள். இன்னொருத்தி தூக்குவாளியைத் திறந்து புளிச்சோற்றை உருட்டி அவள் கையில் வைத்தாள். ஸ்டேஷன் வாசலிலேயே, காலை எட்டே முக்காலுக்கு, பதினைந்து பேரும் மதியச் சாப்பாட்டில் பாதியைத் தின்று தீர்த்தார்கள். ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே எல்லாரும் சிரித்தார்கள்.

வண்டி கிளம்பியதும் வள்ளித்தாய் முன்சீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். என்ஜின் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

“கடைசிப் பிள்ள பிறந்ததுலருந்து எனக்கு ஒண்ணுக்கு நிக்காது மீனா. இருமினாப் போயிரும், தும்மினாப் போயிரும். பெரியவுக கட்டுற டயப்பர் இருக்குல்ல, அத விருதுநகர்ல போய் வாங்கிட்டு வருவேன். இங்கன வாங்கினா தெரிஞ்சுரும்னு. பைக்குள்ள எப்பவும் நாலு இருக்கும். அன்னைக்கு ரோட்டுல கொட்டுனான்ல, அன்னைக்கு மட்டும் தீந்துபோச்சுன்னு எடுத்துட்டு வரல. மாத்திக்கிடாம அன்னைக்குப் பூரா நான் பட்ட பாடு சாமிக்குத்தான் தெரியும். இருந்தாலும் நல்ல வேளைன்னு கும்பிட்டேன். இன்னைக்கும் அங்கன கொட்டியிருந்தா நான் உசுரோட இருந்திருக்க மாட்டேன்.”

அழகுமீனா ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள்.

“அந்த எஸ்.ஐ. புள்ள பாத்துச்சு. ஒண்ணும் கேக்கல. ‘மடிச்சு வைங்கம்மா’ன்னு சொல்லிட்டு, வீடியோவ நிப்பாட்டச் சொல்லிட்டு, பொறவு உக்கார வச்சு, ‘டாக்டர்கிட்ட காட்டினீங்களா, இதுக்கு வைத்தியம் இருக்கு, எங்க அத்தைக்குச் சரியாச்சு’ன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அதான் நேரமாச்சு.”

“நான் வேற என்னமோ நினைச்சுட்டேன் மதினி.”

“திரின்னு நினைச்சியாக்கும்?” வள்ளித்தாய் அவள் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். “களவாணிப்பய மகளே!”

அழகுமீனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தான் சந்தேகப்பட்டதை வள்ளித்தாய் அந்த ஒரு அடியோடு தீர்த்துவிட்டதில் மனசு லேசாயிற்று.

மனுவுக்குப் பதில் புரட்டாசியில் வந்தது. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்; இன்பமும் அழகுமீனாவும் போனார்கள். ஏட்டு காளிராஜும் வந்திருந்தார். அதிகாரி முன்னால் ஒப்புக்கு ஏதோ சொன்னவர், வெளியே வந்த பிறகு இன்பத்தின் பக்கம் வந்து நின்றார். “எனக்குத் தெரியாதும்மா உன் பிள்ளை விஷயம். தெரியாட்டியும் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது” என்றார்.  இன்பம் இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்தாள்.

சோதனை நின்றுவிடவில்லை, தீபாவளி வரைக்கும் இருந்தது. விலக்கில் ஒரு தகரத் தடுப்பு போட்டு, பெண் கான்ஸ்டபிள் ஒருத்தரை நிறுத்தினார்கள். சந்தேகம் இருந்தால் உள்ளே கூப்பிட்டுப் பார்த்தார்கள். இல்லாவிட்டால் வண்டிக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மற்ற வேன் டிரைவர்கள் அழகுமீனாவிடம் வந்து, என்ன சொல்லணும், எப்படிச் சொல்லணும் என்று கேட்டுப் போனார்கள். ஆண்களில் ஒருவர் அதை மனப்பாடம் செய்யத் தாளில் எழுதியே வாங்கிக்கொண்டார்.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் அடைத்திருந்த வாரத்தில் வள்ளித்தாய்க்கு விருதுநகரில் ஆபரேஷன் நடந்தது. என்ன ஆபரேஷன் என்று வேனில் அவளே எல்லாருக்கும் சொல்லியிருந்தாள், அவளாக விரும்பிய நாளில், அவளுக்குப் பிடித்த மாதிரி, கொஞ்சம் கூட்டிக் குறைத்து. பார்க்கப் போனவர்களில் இன்பமும் இருந்தாள். தனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி என்பதால் எந்தப் படி ஏறணும், எங்கே சீட்டு வாங்கணும் என்று முன்னால் நடந்து மற்றவர்களுக்கு வழி காட்டினாள். அழகுமீனா வேனை நிழலில் நிறுத்திவிட்டு, பழப்பையோடு அவர்களுக்குப் பின்னால் போனாள்.